உள்ளே தெரிகிற பை

ஒருவரிடம் அவர் வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேசுவதைவிட, அவர் வீட்டுக் குப்பையைப் பற்றிப் பேசுவது கஷ்டமான வேலை. சண்டை என்றால் அவர்களே வாசலுக்கு வந்து சொல்லிவிடுவார்கள்.

கதவைத் தட்டிப் பிழைக்கிற என் இனத்தவர்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இன்சூரன்ஸ் பிடிக்கிறவர்கள், டெங்கு நுளம்புக் குடம்பி தேடி வருகிற சுகாதாரக்காரர்கள், தேர்தலுக்குப் பெயர் பதிய வருகிறவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். உள்ளே நாய் இருக்கிறதா என்று கேட்டைக் கல்லால் தட்டிப் பார்த்துவிட்டு நுழையத் தெரிந்த யாருக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது.

நான் மாத்தளைக்கும் இரத்தோட்டைக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்ன டவுனில், பிரதேச சபையின் கள உதவியாளர். தற்காலிக வேலை. போன வருஷக் கடைசியில் ‘ஒரே பை’ திட்டம் வந்தது. பேப்பர், பிளாஸ்டிக், போத்தல், டின் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, வியாழக்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் வைத்துவிட வேண்டும். லொறி வந்து எடுத்துப் போகும். பிரிக்கிற வேலையை மீள்சுழற்சி நிலையத்தில் பார்த்துக்கொள்வார்கள். யாராவது சோறு கறியைக் கலந்து வைத்தால் லொறியில் ஏற்றுகிற பெருமாள் அண்ணனுக்குப் பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காக, பை உள்ளே தெரிகிற பொலித்தீனில் செய்யப்பட்டிருந்தது. இந்தப் பொலித்தீன்தான் பிறகு என் உயிரை வாங்கியது.

முதலில் ஸ்டோர் லேனில் மட்டும் நடத்திப் பார்ப்பது என்று முடிவானது. பழைய கராம்பு ஸ்டோருக்குப் பின்னால் போகிற அந்த லேனில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் இருக்கிறார்கள். மாசிக் கடைசியில் இஞ்சினியர் ஒருவர் வந்து பார்ப்பார். அவர் சரி என்றால் டவுன் முழுக்கத் திட்டம் வரும், எனக்கு நிரந்தர நியமனம் கிடைக்கும். சரியில்லை என்றால் திட்டமும் இல்லை, நானும் இல்லை. என் மேலதிகாரி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் நிரந்தர நியமனத்தில் இருப்பவர்.

எந்த வருஷம் பொய்?

குசுமா டீச்சர் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை, தமிழும் நன்றாகப் பேசுவார். இதற்கு முந்திய இரண்டு வருஷமும் இதே லேனில் நான் வேறொரு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பேப்பர் நீல வாளியில், பிளாஸ்டிக் ஆரஞ்சு வாளியில், போத்தல் சிவப்பு வாளியில். அந்தப் பாடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே மாணவி டீச்சர்தான். வாளிகளுக்குப் பொருத்தமாக மூடிகூட வாங்கி வைத்திருந்தார். அவரிடம் போய், இனி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுங்கள் என்று சொல்ல வேண்டிய நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். வியாழக்கிழமை அவர் பையை எடுத்துப் பார்த்தால், உள்ளே பேப்பர் நூலால் கட்டி ஒரு பக்கம், போத்தல்கள் ஒரு பக்கம், டின்கள் ஒரு பக்கம் என்று பள்ளிக்கூடக் காலைக்கூட்டம்போல் வரிசையாக நின்றன. பெருமாள் அண்ணன் அதைத் தூக்கி லொறிக்குள் எறிந்த சத்தத்தைக் கேட்டு டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பிரம்பு இல்லாத குறையாகக் கேட்டார்: “பிரிச்சு வைக்கச் சொன்னதும் நீங்கதான், கலந்து வைக்கச் சொல்றதும் நீங்கதான். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மிஸ், எந்த வருஷம் நீங்க பொய் சொன்னீங்க?”

மிளகு

அந்த முதல் வியாழக்கிழமை டீச்சர் வீட்டைத் தவிர லேனில் ஒரு கேட்டிலும் பை இல்லை. வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்த பைகள் எங்கே போயின? லேனில் குடியிருக்கிற செல்வி அக்கா வீட்டுக்குள் போய்ப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. மூலையில் என்னுடைய பை நின்றது. அதற்குள் காய்ந்த மிளகு, வாய் வரைக்கும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் கையகல இடம் இருந்தாலும் அதில் ஒரு மரம் இருக்கும், அந்த மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். நான் திட்டத்தோடு போனது மிளகு காய்கிற நேரத்தில். தடித்த பை, ஈரம் ஏறாது, பூஞ்சணம் பிடித்தால் அவிழ்க்காமலே வெளியிலிருந்து தெரியும். மிளகுக்கென்றே செய்தால்கூட இப்படி வாய்க்காது. லேன் முழுக்க இதே கதைதான். கராம்பும் வரப்போகிற காலம் என்பதால் எனக்குப் பயம் பிடித்தது. அடுத்த தடவை கொடுக்க வேண்டிய பைகள் அத்தனைக்கும் ஆபீஸ் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆணியைச் சூடாக்கி அடியில் ஓட்டை போட்டேன். மிளகு நிற்காது, போத்தல் நிற்கும். செல்வி அக்கா பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: “ஓட்டைப் பையைக் குடுத்துட்டுக் குப்பை வரல, குப்பை வரலங்கிறீங்க. நல்ல பையாக் குடுத்தா நாங்க போட மாட்டோமா மிஸ்?”

அலுமாரியில் கடவுள்கள்

தை பிறந்ததும் பழைய கலண்டர்களின் பிரச்சினை வந்தது. நல்ல தடித்த பேப்பர், நிலையத்தில் அதற்கு மரியாதை அதிகம். ஆனால் ஒருவரும் போடவில்லை. வேலோடு நிற்கிற முருகனை மீன் டின்னுக்குப் பக்கத்தில் எப்படிப் போடுவது என்று கேட்டது ஒரு வீடு. குர்ஆன் வசனம் அச்சடித்த தாளை எப்படிப் போடுவது என்று அடுத்த வீடு கேட்டது. டீச்சர் விகாரைத் தூபிப் படத்தைக் காட்டி அதையே கேட்டார். மூன்று சமயத்தவரும் இவ்வளவு ஒற்றுமையாகக் கேட்ட கேள்வியை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கடைசியில் அவர்களே வழி கண்டுபிடித்தார்கள். படத்தையும் வசனத்தையும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டுத் திகதிகளை மட்டும் பையில் போட்டார்கள். வெட்டியெடுத்தவற்றை என் கையில் கொடுத்தார்கள். அரசாங்கத்துக்குப் பாவம் ஒட்டாது என்பது அவர்கள் எண்ணம். நான் மட்டும் எங்கே கொண்டுபோய்ப் போடுவேன்? ஆபீஸ் அலுமாரியில் வைத்தேன். டவுனுக்கே ஒரே பை என்று சொல்லித் திரிந்தவள், என் அலுமாரியில் மட்டும் மூன்று தட்டு ஒதுக்கிப் பிரித்துத்தான் வைத்தேன். பேனா எடுக்க அதைத் திறந்த எங்கள் கிளார்க் இரண்டு அடி பின்வாங்கி நின்றார்: “மிஸ், இனிமே இந்த அலுமாரியைத் திறக்கிறதுக்கு முன்னால செருப்பைக் கழட்டணுமா வேணாமா, அதை மட்டும் கதவுல எழுதி ஒட்டிடுங்க.”

கழுவிப் போடவும்

எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் நிலையத்தில் லொறியைத் திருப்பி அனுப்புவார்கள், அதனால் எல்லாவற்றையும் கழுவிப் போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். செல்வி அக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. அவர் வீட்டுக் கொடியில் மாப்பேக்கட், பால்மா பேக்கட், சோற்றுப் பார்சல் சுற்றிய தாள் எல்லாம் கிளிப் போட்டுக் காய்ந்தன. வாசம் ரோடு வரை வந்தது, துணிக்கு ஊற்றுகிற வாசனைத் திரவத்திலும் ஒரு முக்கு முக்கியிருக்கிறார். அவருடைய கணவர் படியில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். “எப்படிப் போறது மிஸ்? என் சட்டை எல்லாம் வாளியில ஊறுது. நானும் உங்க லொறியிலதான் ஏறப்போறேன்னு சொன்னாத்தான் கழுவுவா போல.”

வியாழக்கிழமை நடை

மெல்ல மெல்லப் பைகள் வெளியே வந்தன. கூடவே இன்னொன்றும் வந்தது. வியாழக்கிழமை விடிந்தால் ஸ்டோர் லேனில் காலை நடை போகிறவர்கள் அதிகமானார்கள். முழங்கால் வலி என்று கோயில் படி ஏறாதவர்கள்கூட, ஒவ்வொரு கேட்டின் முன்னாலும் நின்று நின்று நடந்தார்கள். யார் தலைக்கு மை பூசுகிறார், யார் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு நூடில்ஸ், எந்த வீட்டு மருமகள் இடியப்பத்தைக் கடையில் வாங்கிவிட்டு தான் அவித்ததாகச் சொல்கிறாள் என்பதெல்லாம் பைக்குள் பளிச்சென்று தெரிந்தது. நான் கழிவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போனேன், அவர்கள் அதைவிட ருசியான பாடத்தைத் தாங்களே படித்துக்கொண்டார்கள். ஒரு அம்மா என் காதருகே வந்து சொன்னார்: “பக்கத்து வீட்டுல பூனைக்குப் பேக்கட்டுல சாப்பாடு வாங்கிப் போடுறாங்க மிஸ். முந்தாநாள் என்கிட்ட ஒரு சுண்டு சீனி கடன் கேட்டு வந்தவங்க.”

ஹாஜியாரின் பை

ரசாக் ஹாஜியார் ஸ்டோர் லேனின் மூத்தவர். மிளகு, கராம்பு வாங்கி விற்கிற வாசனைத் திரவிய வியாபாரி, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். என் முதல் கூட்டத்துக்கு இடம் கொடுத்து, வந்தவர்களுக்கு இஞ்சிப் பிளேன்டீ கொடுத்ததும் அவர்தான். அவர் பை வைத்த பிறகுதான் டீச்சரைத் தவிர்ந்த மற்றவர்கள் பை வைத்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை பெருமாள் அண்ணன் அவர் கேட்டுக்கு முன்னால் குனிந்தவர் நிமிரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். பைக்குள்ளே சர்பத் போத்தல்களுக்கும் பேரீச்சம்பழப் பெட்டிகளுக்கும் நடுவில், லேபல் வெளியே தெரிகிற மாதிரி ஒரு பெரிய வெற்றுச் சாராயப் போத்தல். விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்த இரண்டு பேர் ஏற்கெனவே பார்த்துவிட்டு, பார்க்காதமாதிரி போய்விட்டார்கள். நடைக்காரர்களோ நடப்பதையே நிறுத்தியிருந்தார்கள். ஹாஜியார் வெளியே வந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கேட்டைச் சாத்தினார்.

அடுத்த வியாழன் லேனில் ஒரு பை இல்லை, டீச்சர்கூட வைக்கவில்லை. ஹாஜியாருக்கு வந்தது நாளைக்கு நமக்கும் வரும் என்ற பயம் எல்லாருக்கும். லொறி வெறுமையாகத் திரும்பியது. இஞ்சினியர் வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. என் வேலை போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அழுகை வந்தது. அழாமல் போய் ஹாஜியாரின் கேட்டைத் தட்டினேன். அவர் என்னைக் கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்: “மகள், ஒங்கட பேக் உள்ளுக்கு ஈக்கிறதக் காட்டும்னு செல்லித்தானே தந்தீங்க? என்ட உள்ளுக்கு இல்லாததையும் அது காட்டிட்டுதே.”

நம்பிக்கை

மறுநாள் பஸ் ஹோல்ட்டில் பஸ்ஸுக்கு நின்ற என்னைத் தேடி வந்தவர் நடேசன் ஐயா. ஹாஜியாருக்கு எதிர்வீடு, அம்மன் கோயில் நிர்வாகத்தில் செயலாளர். திருநீறு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, போத்தல் தன்னுடையது என்றார். திருவிழாக் காலம், அவர் காப்புக் கட்டுவதற்கு முந்திய நாள், வீட்டுக்கு வந்திருந்த மச்சானோடு சேர்ந்து காலி செய்தது. தன் பையில் போட்டால் நடைக்காரர்கள் பார்ப்பார்கள். அதனால் இருட்டோடு ரோட்டைக் கடந்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். லேனில் வேறு வீடே கிடைக்கவில்லையா, போயும் போயும் ஹாஜியார் வீட்டிலா என்று கேட்டேன். நடேசன் ஐயா நிஜமாகவே கலங்கிப்போனார்: “அவர் மேல வச்ச நம்பிக்கையிலதான் மிஸ் போட்டேன். என் பையில கிடந்தா எல்லாரும் நம்பிடுவாங்க. அவர் பையில கிடந்தா ஒருத்தரும் நம்ப மாட்டாங்கல்ல?”

பேப்பர் சட்டம்

நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று அவரை ஹாஜியார் வீட்டு வாசல் வரை தள்ளிக்கொண்டு போனேன். உள்ளே அவர் எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார். அவருடைய மனைவி நஸீமாம்மா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஹாஜியார் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கழுவிப் போட்டாயா என்று. கழுவினேன் என்றார் நடேசன் ஐயா. அப்படியானால் திட்டத்தில் குற்றமில்லை, ஆள்தான் பிழை என்று தீர்ப்பாகியது. இந்த விஷயம் நாலு சுவருக்கு வெளியே போகாது என்றும் ஹாஜியார் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாம் ஒரே பையில்தானே போகிறது, போத்தலைப் பேப்பரில் சுற்றிப் போட்டால் என்ன என்று கேட்டார்.

எனக்குத் தோன்றாதது. பேப்பரும் போகலாம், போத்தலும் போகலாம், சேர்ந்து போனால் யார் தடுக்கப்போகிறார்கள்? பெருமாள் அண்ணனின் கையைப் போத்தல் வெட்டாமல் இருக்கப் பேப்பரில் சுற்றுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். அடுத்த வியாழன் லேன் முழுக்கப் பைகள் வந்தன. சாராயப் போத்தல் மட்டுமா? நல்லெண்ணெய்ப் போத்தல், சோயாசோஸ், தலைக்குப் பூசுகிற மை, நூடில்ஸ் பேக்கட், பூனைச் சாப்பாடு, எல்லாம் பேப்பருக்குள். பெருமாள் அண்ணன் லொறியில் நின்றுகொண்டு தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்: “இத்தனை வருஷம் குப்பை அள்ளுறேன். என் கை மேல இந்த லேனுக்கு இவ்வளவு பாசம்னு இன்னைக்குத்தான் மிஸ் தெரியுது.”

இஞ்சினியர் வந்தார்

அவருக்குச் சந்தேகம் வந்தது. வராமல் இருந்தால்தான் அதிசயம். உள்ளே தெரிய வேண்டும் என்று கொடுத்த பையில் பேப்பரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. உள்ளே சோறு இருக்கிறதா மீன்முள் இருக்கிறதா என்று ஒரு பையையாவது பிரித்துப் பார்க்காமல் ஒப்புதல் தர முடியாது என்றார். தார்ப்பாய்ப் படங்கு ஒன்றை நடுரோட்டில் விரிக்கச் சொன்னார். இருக்கிற பைகளில் அவர் கை போனது நடேசன் ஐயாவின் பைக்குத்தான். பேப்பர் சுற்றிய பெரிய போத்தல் ஒன்று அதற்குள் நின்றது. லேனே கேட்டில் நின்று பார்க்கிறது. வேண்டாம் என்று நான் சொன்னால் என் வேலை போய்விடும். சும்மா நின்றால் அந்த மனிதர் இனிக் கோயில் வாசலில் தலைநிமிர்ந்து நிற்க முடியாது, லேனில் இனி ஒருவரும் பை வைக்கவும் மாட்டார்கள். 

ஹாஜியார் கட்டியிருந்த சாரத்தை ஒதுக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார். “சேர், அது சின்னக் குடும்பம். எங்கட ஊட்டுல ஆள் கூட, குப்பையும் கூட. என்டதப் பிரிச்சிப் பாருங்க. இது சரின்னா லேனே சரி.” இஞ்சினியருக்கு அது நியாயமாகப் பட்டது. ஹாஜியார் தன் பையைத் தானே தூக்கி வந்து படங்கில் கொட்டினார். சர்பத் போத்தல், பெட்டி, பேக்கட், ஒவ்வொன்றும் கழுவித் துடைத்துக் காய்ந்தது. இஞ்சினியர் மோந்துகூடப் பார்த்தார். கடைசியில் ஒரு பெரிய பேப்பர் பொட்டலம் மிஞ்சியது. அதைப் பார்த்ததும் ஹாஜியாரின் முகம் மாறியது. போதுமே சேர் என்றார். இஞ்சினியர் பிரித்தார். உள்ளே சீனிபோட்ட டின்பால் டின்கள், தொதல் மிட்டாய் சுற்றிய தாள், டொபி உறை, டொபி உறை, இன்னும் டொபி உறை. டின்கள் கண்ணாடிபோல் மின்னின. ஹாஜியாருக்கு டொக்டர் சீனியைத் தடைசெய்திருப்பதும், நஸீமாம்மா அவருக்குச் சீனியில்லாத தேத்தண்ணி கொடுத்துக் காவல் காக்கிறதும் லேனுக்கே தெரியும்.

இஞ்சினியருக்கு அது தெரியாது. இவ்வளவு சுத்தமான பையைத் தான் எங்கும் பார்த்ததில்லை என்று சொல்லி, அங்கேயே ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். நான் மட்டும் சந்தோஷப்பட்டேன். மற்ற எல்லாரும் நஸீமாம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டிலிருந்து இறங்கி வந்து ஒரு டின்னைக் கையில் எடுத்தார். அப்போது நடேசன் ஐயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நன்றிக்கடன் மனிதனை என்னவெல்லாம் செய்யவைக்கிறது பாருங்கள். “அம்மா, ஹாஜியார் மேல கோவிக்காதீங்க. அந்த டின்னு, டொபி எல்லாம் நான்தான் ராத்திரி வந்து போட்டேன்.” நஸீமாம்மா டின்னைத் திருப்பிப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பிறகு லேனின் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: “தம்பி, அண்டைக்குச் சாராயப் போத்தல் ஒங்கடன்னு நீங்க செல்லக்குள்ள நான் ஒடனே நம்பின. இந்த டின் இவர்டன்னு ஆரும் செல்லாமலே நம்புறன்.”

எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்துவிட்டது, ஸ்டோர் லேனில் இப்போது யாரும் எதையும் பேப்பரில் சுற்றுவதில்லை, மறைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத லேன் குப்பை போடுகிற ஒழுங்கே தனி.